சோகை நோயும் அயச் செந்தூரமும்

சேலம் நகருக்கு அருகே கஞ்சமலை இருக்கிறது. அதன் பாறைகளில் மேக்னடைட் எனப்படும் காந்த இரும்புத் தாது நிறைந்துள்ளது. மலையடிவாரத்து ஓடை மணலில் ஒரு காந்தத் துண்டை வைத்து இழுத்தால், கருநிறத் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். மரக்கரியை எரித்துச் சிறு உலைகளில் இரும்பு உருக்கும் தொழில் இவ்வட்டாரத்தில் பல நூற்றாண்டுகள் நடந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சேலம் தாதுவை நம்பியே பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். கஞ்சமலையின் அடிவாரத்தில் சித்தர் கோயில் என்ற தலமும் உண்டு. சித்தர்கள் மூலிகை தேடிய மலை அது என்பது மக்கள் நம்பிக்கை.

இரும்பும் சித்த மருத்துவமும் கைகோத்து நிற்கும் இந்தச் சேலம், ராசிபுரம், புதுச்சத்திரம், நாமக்கல் சமவெளியில், வெளுத்த முகமும் மூச்சிரைப்புமாக நடமாடும் பெண்களை எந்தச் சிற்றூரிலும் காணலாம். "இவளுக்குச் சோம்பல் அதிகம்" என்று வீட்டார் சொல்வார்கள். பெரும்பாலும் அது சோம்பல் அன்று, சோகை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்திய அளவில் 57.0 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டில் 53.4 விழுக்காட்டினரும் சோகை உடையவர்கள். அதாவது, இருவரில் ஒருவருக்கு மேல்!

இந்நோயை நம் முன்னோர் எவ்வாறு புரிந்துகொண்டனர்? அதற்கு இரும்பை மருந்தாக்கும் எண்ணம் அவர்களுக்கு எப்படி வந்திருக்கலாம்? சீனரும் ஐரோப்பியரும் என்ன செய்தனர்? பழைய மருந்துகளை இன்றைய அறிவியல் எவ்வாறு எடை போடுகிறது? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நிறம் பார்த்து நோய் அறிதல்

குருதியில் ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருள் போதிய அளவு இல்லாத நிலையே சோகை. நுரையீரலில் உயிர்வளியை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் கொண்டு சேர்ப்பது ஹீமோகுளோபினின் வேலை. அது குறைந்தால் தசைகளுக்கு உயிர்வளி போதாது, களைப்பு உண்டாகும். குறையை ஈடுகட்ட இதயம் விரைந்து துடிக்கும். தோல், நாக்கு, கண்ணின் கீழிமை உட்புறம் ஆகியவை வெளுத்துப் போகும்.

இந்த வெளுப்பைத்தான் பழைய மருத்துவர்கள் முதலில் கண்டனர். சித்த மருத்துவத்தில் இதற்குப் பாண்டு என்றும் வெளுப்பு நோய் என்றும் பெயர். பாண்டு என்றால் வெளிறிய மஞ்சள் நிறம். நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என்று எட்டு வகைத் தேர்வுகளைச் சித்த மருத்துவம் வகுத்திருக்கிறது. இவற்றுள் நா, நிறம், விழி ஆகிய மூன்றும் சோகையை நேரடியாகக் காட்டிக் கொடுப்பவை. இன்றும் கிராமச் சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணியின் கீழிமையை இழுத்துப் பார்ப்பது அதே தேர்வுதான்.

உடலில் ஏழு தாதுக்கள் உள்ளன என்பது சித்த மருத்துவக் கொள்கை. உணவிலிருந்து முதலில் சாரம் உண்டாகிறது. சாரத்திலிருந்து செந்நீர், அதாவது குருதி, உண்டாகிறது. அதன்பின் ஊன், கொழுப்பு என்று வரிசை தொடர்கிறது. எனவே சாரம் கெட்டால் செந்நீர் குறையும் என்று அவர்கள் கருதினர். எலும்பு மச்சையில்தான் சிவப்பணுக்கள் உற்பத்தியாகின்றன என்பதை அறியாத காலத்துக் கருத்து இது. ஆயினும் குருதிக் குறைவுக்கும் உணவுக்கும் செரிமானத்துக்கும் தொடர்பு உண்டு என்ற அடிப்படை இதில் அமைந்திருப்பதை மறுக்க முடியாது.

சரக சம்கிதை பாண்டு நோயை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. ஐந்தாவது வகை, மண்ணைத் தின்பதால் வருவது. இது கூர்மையான கவனிப்பு. இரும்புக் குறைவு உள்ள குழந்தைகளும் கர்ப்பிணிகளும் மண், சாம்பல், அடுப்புக்கரி முதலியவற்றைத் தின்ன ஆசைப்படுவதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் மண் தின்னும் ஆசை சோகையின் காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். பழைய நூல் காரணம் என்று மட்டுமே கண்டது. ஒரு நிகழ்ச்சியோடு இன்னொரு நிகழ்ச்சி சேர்ந்து வருவதைக் காண்பது எளிது; எது காரணம், எது விளைவு என்று பிரிப்பதே கடினம். இதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

சீன மருத்துவர் கண்ட வழி

இமயத்துக்கு அப்பால் சீன மருத்துவர்களும் ஏறத்தாழ இதே பாதையில் நடந்தனர். அவர்கள் இந்நிலையைக் குருதி வெறுமை என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தனர். வெளிறிய நாக்கு, நூல்போல் மெலிந்த நாடி, தலைச்சுற்றல், படபடப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். மண்ணீரலும் இரைப்பையும் உணவின் சாரத்தைப் பிரித்துக் கொடுக்க, அதிலிருந்து குருதி உண்டாகிறது என்பது அவர்கள் கொள்கை. நம்முடைய சாரம், செந்நீர் வரிசையோடு இது எவ்வளவு ஒத்திருக்கிறது, பாருங்கள்.

சோங் வமிச காலத்து அரசு மருந்து நூலில் நான்கு பொருள் கசாயம் என்ற மருந்து இடம் பெற்றது. அதில் சேரும் பொருள்களுள் ஒன்று தாங்குயி என்னும் வேர். 1247-இல் லி தொங்யுவான் என்ற மருத்துவர் வேறொரு கசாயத்தை எழுதி வைத்தார். அதில் குருதியைப் பெருக்கும் தாங்குயி ஒரு பங்கு. உயிராற்றலைப் பெருக்குவதாகக் கருதப்பட்ட ஹுவாங்ச்சி வேர் ஐந்து பங்கு. ஆற்றல் பெருகினால் குருதி தானே பெருகும் என்பது அவர் வாதம். இவையெல்லாம் வேர்க் கசாயங்கள். இரும்பு மருந்துகள் அல்ல.

ஆனால் 1596-இல் அச்சான லி ஷிசென்னின் பெரிய மருந்துப் பொருள் நூலில் பச்சை நிறப் படிகம் ஒன்று சொல்லப்படுகிறது. முகம் மண்ணிறமாக மஞ்சளித்து வீங்கும் நோய்க்கு அதைச் சேர்த்த மாத்திரை கூறப்பட்டுள்ளது. அந்தப் பச்சைப் படிகம் வேறொன்றுமில்லை, பெரஸ் சல்பேட். நம் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருகிறார்களே, அதே பொருள்தான்!

அன்னபேதி செந்தூரமாகும் விதம்

தமிழகத்தில் பாண்டு நோய்க்கு வழங்கும் மருந்துகளுள் அன்னபேதிச் செந்தூரமும் அயச் செந்தூரமும் முக்கியமானவை. அயம் என்றால் இரும்பு. பழைய இரும்புச் சிட்டமாகிய மண்டூரமும் மருந்தாகும். வடமொழி மருத்துவ நூல்களில் இதே நோய்க்கு நவாயசம் என்ற இரும்புச் சூரணம் உண்டு. ஆகவே இந்திய மருத்துவர்கள் சோகைக்கு இரும்பைக் கொடுத்தார்கள் என்பது ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. குருதியில் இரும்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கொடுத்தார்களா என்பது வேறு கேள்வி. குருதியை எரித்துச் சோதித்ததற்கு அவர்கள் நூல்களில் சான்று இல்லை. இரும்பு வலிமையின் சின்னம். செந்தூரம் குருதியின் நிறம் உடையது. இத்தகைய ஒப்புமையிலிருந்து தொடங்கி, கொடுத்துப் பார்த்து, பயன் கண்டு நிலைநிறுத்தியிருக்கலாம்.

அன்னபேதியை எலுமிச்சைச் சாற்றில் அரைத்து வில்லையாகத் தட்டி உலர்த்துவார்கள். அதை அகலில் வைத்து மற்றோர் அகலால் மூடி, சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடம் போடுவார்கள். ஆறிய பின் சிவந்த பொடி கிடைக்கும். உள்ளே என்ன நடக்கிறது? பள்ளி வேதியியல் படித்தவர்களுக்கு விடை தெரியும். பெரஸ் சல்பேட்டைச் சூடாக்கினால் முதலில் நீர் நீங்குகிறது. பின்னர் கந்தக டை ஆக்சைடும் கந்தக டிரை ஆக்சைடும் வெளியேறி, செந்நிறப் பெரிக் ஆக்சைடு எஞ்சுகிறது. வகுப்பறைச் சோதனைக் குழாயில் நாம் செய்வதை மருத்துவர் வறட்டித் தீயில் செய்தார்.

செந்தூரம் முடிந்ததா என்று அறியவும் சோதனைகள் உண்டு. விரல்களுக்கிடையே தேய்த்தால் பொடி கைரேகைகளில் படிய வேண்டும். நீரில் தூவினால் மிதக்க வேண்டும். இரும்பின் ஆக்சைடு நீரைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கனமானது. அது மிதப்பானேன்? மிக நுண்ணிய துகளின் எடையை நீரின் பரப்பு இழுவிசை தாங்கிக்கொள்கிறது. ஆகவே இது துகளின் நுண்மையை அளக்கும் சோதனை. நுண்மையால் ஒரு பயனும் உண்டு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மைக்ரான் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 60,000 சதுர சென்டிமீட்டர், அதாவது 6 சதுர மீட்டர் ஆகிவிடும். இரைப்பை அமிலம் வேலை செய்ய இடம் பதினாயிரம் மடங்கு கூடுகிறது.

எனினும் குறையையும் சொல்ல வேண்டும். அன்னபேதி நீரில் எளிதில் கரையும். அதிலுள்ள பெரஸ் வகை இரும்பைக் குடல் நன்கு ஏற்கும். புடத்தில் உண்டாகும் பெரிக் ஆக்சைடு அரிதாகவே கரையும். குடல் அதைக் குறைவாகவே ஏற்கும். இரும்பு ஏற்றலுக்கு உதவும் வைட்டமின் சி எலுமிச்சைச் சாற்றில் உண்டு. ஆனால் அது புடத்தின் சூட்டில் அழிந்துபோகும். அப்படியானால் புடம் ஏன்? அன்னபேதியை அப்படியே உண்டால் வயிற்றைப் புரட்டும். செந்தூரம் அத்தனை தொல்லை தராது. பயனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, தொல்லையைக் குறைத்துக்கொண்டார்கள் எனலாம்.

ஐரோப்பாவில் எழுந்த வினா

ஐரோப்பாவில் இளம்பெண்களுக்கு வரும் வெளிறிய நோயைப் பச்சை நோய் என்று அழைத்தார்கள். 1681-இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இரும்புத் தூளை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். இதுவரை கதை எல்லா நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. வேறுபாடு இனிமேல்தான் வருகிறது.

1745-இல் இத்தாலியிலுள்ள பொலோனா நகரில் வின்சென்சோ மெங்கினி என்பவர் குருதியை எரித்துச் சாம்பலாக்கி, அருகே காந்தத்தைக் கொண்டு சென்றார். துகள்கள் தாவி ஒட்டிக்கொண்டன. குருதியில் இரும்பு இருப்பதையும், அது சிவப்புத் துகள்களில்தான் பெரிதும் இருப்பதையும் அவர் காட்டினார். எத்தனை எளிய சோதனை! கஞ்சமலை ஓடை மணலில் காந்தத்தை இழுக்கும் சிறுவன் செய்வதும் அதுதான். வேறுபாடு கருவியில் இல்லை. கேட்ட கேள்வியில் இருக்கிறது. மருந்து பலிக்கிறதா என்று மட்டும் கேட்காமல், ஏன் பலிக்கிறது என்றும் கேட்டார்கள்.

1832-இல் பிரான்சைச் சேர்ந்த பியர் பிளோ, பெரஸ் சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து மாத்திரை செய்தார். அது உலகெங்கும் பரவியது. சீனரின் பச்சைப் படிகமும், நம் அன்னபேதியும், பிளோவின் மாத்திரையும் ஒரே பொருளில் வந்து சந்தித்தன! இன்று அரசு மருத்துவமனைகளில் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரையிலும் பெரஸ் உப்பே உள்ளது. 1864-இல் ஹோப்பே-செய்லர் சிவப்புப் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயரிட்டார். உண்ட இரும்பு உண்மையில் குருதியாக மாறுகிறதா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. 1932-இல் ஊசி மூலம் இரும்பைச் செலுத்தி, செலுத்திய அளவுக்கு ஏற்ப ஹீமோகுளோபின் கூடுவதை அமெரிக்காவில் அளந்து காட்டிய பிறகே அது அடங்கியது.

"குருதியில் இரும்பு இருந்தால் காந்தம் நம்மை ஏன் இழுப்பதில்லை?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஹீமோகுளோபினில் இரும்பு அணுக்கள் தனித்தனியே தள்ளி நிற்கின்றன. இரும்புத் துண்டில் உள்ளதுபோல் ஒன்றுசேர்ந்து ஒரே திசையில் அணிவகுப்பதில்லை. உயிர்வளி ஏறிய ஹீமோகுளோபின் காந்தத்தால் மிக மெல்லத் தள்ளப்படுகிறது. உயிர்வளி இறங்கியது மெல்ல இழுக்கப்படுகிறது. லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936-இல் இதை அளந்தனர். இந்தச் சிறு வேறுபாட்டை வைத்தே, 1990-இல் செய்ஜி ஒகாவா மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் காந்த முறையைக் கண்டார்.

நிறத்துக்கு எண் கிடைத்த கதை

கண் நல்ல கருவிதான், ஆனால் கருத்த மேனியில் வெளுப்பு எளிதில் தெரியாது, விளக்கொளியும் ஏமாற்றும். சற்றே குறைந்த சோகையைக் கண் தவறவிட்டுவிடும். எனவே நிறத்தை எண்ணாக்க வேண்டியதாயிற்று. 1900-இல் தால்க்விஸ்ட் ஒரு துளிக் குருதியை உறிஞ்சுதாளில் வைத்து, அச்சிட்ட நிற வரிசையோடு ஒப்பிட்டார். 1902-இல் சாலி, குருதியோடு அமிலம் சேர்த்துப் பழுப்பு நிறமாக்கி, நிலையான ஒரு நிறக் கண்ணாடியோடு பொருந்தும்வரை நீரூற்றி அளந்தார். ஒளி ஒரு கரைசலின் வழியே செல்லும்போது, நிறப் பொருளின் அடர்வுக்கு ஏற்ப உறிஞ்சப்படுகிறது என்ற இயற்பியல் விதியே இன்றைய கருவிகளுக்கும் அடிப்படை.

குருதிக் கொடை முகாம்களில் கையாளப்பட்டு வந்த வேறொரு முறை ஆர்க்கிமிடீசை நினைவூட்டும். ஒப்படர்த்தி 1.053 உள்ள மயில்துத்தக் கரைசலில் ஒரு துளிக் குருதியை விடுவார்கள். ஹீமோகுளோபின் ஏறத்தாழ 12.5 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் துளி மூழ்கும். குறைந்தால் தயங்கி மிதக்கும். 100 மில்லி லிட்டர் குருதியில் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராம், கர்ப்பிணிக்கு 11 கிராம், ஆணுக்கு 13 கிராம் என்பவை வழக்கமான எல்லைகள். அதற்குக் கீழே போனால் சோகை.

எண் கிடைத்ததால் என்ன நன்மை? மருந்து கொடுக்கும் முன் ஓர் அளவு, கொடுத்த பின் ஓர் அளவு என்று ஒப்பிட முடிந்தது. "தெம்பாக இருக்கிறது" என்ற சொல்லுக்குப் பதில் சான்று கிடைத்தது.

ஒரு சிறு கணக்கு

நலமுள்ள ஓர் ஆணின் உடலில் மொத்தம் 4 கிராம் அளவுக்கு இரும்பு உண்டு. பெண்ணுக்கு இன்னும் குறைவு. ஒரு சிறிய ஆணியின் எடைதான்! அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து அழியும்போது அதன் இரும்பை உடல் வீணாக்காமல் மீண்டும் பயன்படுத்துகிறது. எனவே நாள்தோறும் உணவிலிருந்து ஒன்றிரண்டு மில்லி கிராம் உட்சென்றால் போதும். ஆனால் நாம் உண்ணும் தானிய உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூடக் குடலால் ஏற்கப்படுவதில்லை.

வரவு இவ்வளவு, செலவைப் பார்ப்போம். தென்னிந்தியாவில் பெரிதும் காணப்படும் கொக்கிப்புழு வகை ஒன்று ஒரு நாளில் 0.03 மில்லி லிட்டர் குருதியை வீணாக்குகிறது. நூறு புழுக்கள் இருந்தால் 3 மில்லி லிட்டர். ஹீமோகுளோபின் 12 கிராம் உள்ள குருதியில் மில்லி லிட்டருக்கு 0.4 மில்லி கிராம் இரும்பு உண்டு. ஆகவே இழப்பு நாளொன்றுக்கு 1.2 மில்லி கிராம். உணவிலிருந்து சேரும் இரும்பு முழுவதையும் புழுவே தின்றுவிடுகிறது! இதன்மேல் பெண்ணுக்கு மாதவிலக்கின் இழப்பு. கர்ப்ப காலத்தில் மொத்தம் 1,000 மில்லி கிராம் அளவுக்குத் தேவை. ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு ஊற்றுவது போன்றதுதான், புழுவை விட்டுவிட்டு இரும்பை மட்டும் கொடுப்பது.

கொக்கிப்புழுவை 1838-இல் இத்தாலியில் துபினி கண்டார். 1880-ஐ ஒட்டி ஆல்ப்ஸ் மலையில் கோத்தார்டு சுரங்கப்பாதை தோண்டிய தொழிலாளரிடையே பரவிய சோகைக்கு அதுவே காரணம் என்று தெரிந்தது. 1898-இல் லூஸ் என்பவர் எகிப்தில் ஆராய்ந்து, புழுவின் குஞ்சு தோலைத் துளைத்து உடம்பில் நுழைகிறது என்று கண்டார். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவருக்கு ஆபத்து என்பது இதனால் விளங்கிற்று. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை இந்நோய் மிகவும் வாட்டியது. ராக்பெல்லர் அறக்கட்டளை 1916-இல் இலங்கைத் தோட்டங்களிலும், 1920-களில் சென்னை மாகாணத்திலும் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையில் இறங்கியது. மருந்தோடு கழிப்பிடமும் வேண்டும் என்பது அவ்வேலையில் கிடைத்த பாடம்.

பழைய சித்த முறையில் முதலில் பேதி கொடுத்துக் குடலைக் கழுவி, பிறகு செந்தூரம் கொடுப்பார்கள். வாய்விளங்கம், புரசு விதை முதலியவை புழுக்கொல்லிகளாகப் பயன்பட்டன. புழு குருதி குடிப்பதை அவர்கள் அறியாவிட்டாலும், செய்த வரிசை சரியாகவே அமைந்தது.

இரும்பால் தீராத சோகை

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. இதை உலகுக்குக் காட்டிய ஆராய்ச்சியில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளரான ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கொடிய சோகையை ஆராய்ந்தார். அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. இரும்பு பலிக்கவில்லை. வில்ஸ் நீலகிரியில் உள்ள குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் சென்னை கோஷா மருத்துவமனையிலும் பணி செய்தார். மார்மைட் எனப்படும் மலிவான ஈஸ்ட் சாறு இந்நோயைக் குணப்படுத்துகிறது என்று 1931-இல் வெளியிட்டார். பணக்காரர் உண்ணும் ஈரல் சாற்றுக்குப் பதில் ஏழைக்கு எட்டும் மருந்து கிடைத்தது.

ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பொருள் போலிக் அமிலம். 1941-இல் பசலை இனக் கீரையிலிருந்து அது பிரிக்கப்பட்டது. 1945-இல் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கடல் கடக்கும் முன் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகவும் இருந்தவர். பழைய மருத்துவமும் புதிய மருத்துவமும் ஒரே மனிதரிடம் சந்தித்ததற்கு இதைவிட நல்ல சான்று ஏது?

மற்றொரு வகையும் உண்டு. 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் வடிவச் சிவப்பணு கண்டறியப்பட்டது. இது பரம்பரையாக வருவது. தலசீமியா என்ற பரம்பரைச் சோகையும் உள்ளது. இத்தகையோருக்கு இரும்பை அள்ளிக் கொடுத்தால் அது உடலில் தேங்கி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். வெளுப்பைக் கண்டவுடன் இரும்பைக் கொடுப்பது அறிவுடைமை ஆகாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பழைய மருந்துக்குப் புதிய தேர்வு

இந்திய மருத்துவ முறைகளை ஆராய 1921-இல் சென்னை அரசு உஸ்மான் குழுவை அமைத்தது. 1923-இல் அறிக்கை வந்தது. அதன் பயனாகக் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2005-இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் எழுந்தன.

தூத்துக்குடி மாவட்டத்தில் சோகையுள்ள வளரிளம் பெண்களுக்கு அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் ஆகிய நான்கையும் 45 நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2,648 பேரில் 2,300 பேர் முழுமையாக மருந்துண்டனர். ஹீமோகுளோபின் கூடியதாகவும் களைப்பு குறைந்ததாகவும் 2025 தொடக்கத்தில் ஆயுஷ் அமைச்சகம் அறிவித்தது.

இது மகிழ்ச்சிக்குரிய தொடக்கம். ஆனால் இதில் ஆராய இன்னும் பல உள. நெல்லிக்காயின் வைட்டமின் சி இரும்பு ஏற்றலுக்கு உதவும். கடுக்காயின் துவர்ப்புப் பொருளோ இரும்போடு சேர்ந்து கரையாப் பொருளாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துத்தானே அக்காலத்தில் கருப்பு மை செய்தார்கள்! தேநீரிலும் இதே துவர்ப்புப் பொருள் உண்டு. ஒரு கோப்பைப் பால் சேர்க்காத தேநீரில் சிறிது அன்னபேதியைப் போட்டுப் பாருங்கள்; மை போலக் கறுக்கும். சோதித்த தேநீரைக் கொட்டிவிட வேண்டும். இரும்பு மாத்திரையோடு தேநீர் அருந்தக் கூடாது என்பதன் காரணம் இப்போது கண்ணுக்கே தெரியும். நான்கு மருந்துகளில் எது எவ்வளவு வேலை செய்கிறது, வழக்கமான இரும்பு மாத்திரையோடு ஒப்பிட்டால் எது மேல் என்பவற்றுக்கு, ஒரு பிரிவினருக்கு இதையும் மற்றொரு பிரிவினருக்கு அதையும் கொடுத்து ஒப்பிடும் சோதனைகளே விடை தரும்.

எச்சரிக்கையும் தேவை. சில செந்தூர முறைகளில் பாதரசம் கலந்த இலிங்கம் சேர்ப்பதுண்டு. தரம் அறியாத பொடியைத் திருவிழாக் கடையிலும் தெருவிலும் வாங்கி உண்பது பேராபத்து. தகுதி பெற்ற மருத்துவரிடம், தரச் சான்றுள்ள மருந்தாகவே பெற வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

நம் சமவெளியில் ஒரு காலத்தில் கம்பும் சோளமும் கேழ்வரகும் அன்றாட உணவு. இன்று வெள்ளை அரிசி எங்கும் பரவிவிட்டது. லூசி வில்ஸ் பணிபுரிந்த குன்னூரில் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் 2017-இல் உணவு அட்டவணை ஒன்றை வெளியிட்டது. அதன்படி 100 கிராம் கம்பில் 6.4 மில்லி கிராம் இரும்பும், கேழ்வரகில் 4.6 மில்லி கிராமும் உண்டு; தீட்டிய அரிசியில் 0.65 மில்லி கிராம் மட்டுமே. கம்பங்கூழை ஏழையின் உணவு என்று இகழ்ந்தவர்கள் இந்த எண்களைப் படிக்க வேண்டும். மரவள்ளியும் ஜவ்வரிசியும் நம் வட்டாரத்தின் வருவாய்ப் பயிரும் பண்டமும். ஆயினும் அவை பசியை ஆற்றுமே தவிர, குருதியை வளர்க்கா. கீரை, பயறு, முட்டை, இறைச்சி, அவற்றோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவை சேர வேண்டும்.

ஆனால் முற்றிய சோகையை உணவால் மட்டும் மாற்ற முடியாது. அதற்காகவே 1970-இல் தேசிய அளவில் இரும்பு, போலிக் அமில மாத்திரைத் திட்டம் தொடங்கியது. 2018-இல் சோகையற்ற பாரதம் என்ற திட்டமாக விரிந்தது. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. கர்ப்பிணிக்கு நாள்தோறும் ஒரு சிவப்பு மாத்திரை. ஒவ்வொன்றிலும் 60 மில்லி கிராம் இரும்பு உண்டு. 2015 முதல் பள்ளிகளில் தேசியக் குடற்புழு நீக்க நாளும் நடைபெறுகிறது. மாத்திரை உண்டால் மலம் கறுக்கும். அதைக் கண்டு அஞ்சிப் பலர் நிறுத்திவிடுகின்றனர். அது ஏற்கப்படாத இரும்பின் நிறமே; தீங்கில்லை. வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் உண்ணலாம், நிறுத்தக் கூடாது.

இதில் என்ன நட்டம் என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. சோகையுள்ள தாய்க்குப் பேறு காலத்தில் குருதிப்போக்கு ஏற்பட்டால், மற்றவள் தாங்கும் இழப்பை அவளால் தாங்க முடியாது. வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கண் சொருகும் மாணவியை மந்தம் என்று ஒதுக்கிவிட்டால், நாம் ஒதுக்குவது அவளுடைய அறிவை அன்று. அவள் உடம்பில் இல்லாத சில மில்லி கிராம் இரும்பை.

சித்தர்கள் எல்லாம் அறிந்திருந்தனர் என்று முழங்குவதும் பிழை. அவர்கள் ஒன்றும் அறியார் என்று தள்ளுவதும் பிழை. கண்ணால் நிறம் பார்த்தார்கள். கையிலிருந்த இரும்பைப் புடமிட்டுக் கொடுத்தார்கள். பலரைப் பிழைக்க வைத்தார்கள். அவர்களிடம் இல்லாத எண் இன்று நம்மிடம் இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளிக் குருதி கொடுத்தால் அந்த எண் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வீட்டிலுள்ள ஒவ்வொரு பெண்ணும் தன் ஹீமோகுளோபின் அளவு இன்னது என்று, தன் வயதைச் சொல்வதுபோல் சொல்லத் தெரிந்துகொண்டால், அதுவே இந்நோயை வெல்லும் முதற்படியாகும்.